ஊதாத விசில்

அந்தக் கட்டடத்தின் கார் நிறுத்தும் அடித்தளத்தில் ஒருநாளும் மழை பெய்ததில்லை. ஆனால் மழைக்காலத்தில் கார்கள் மழையை முதுகில் சுமந்துகொண்டு கீழே இறங்கி வரும். சரிவுப் பாதையின் வளைவில் ஒரு குலுக்கல். கூரைமேல் தேங்கியிருந்த தண்ணீர் முன்கண்ணாடியில் வழியும். வைப்பர் ஒருமுறை துடைக்கும். பிறகு பெயின்ட் அடித்த தரையில் சக்கரங்கள் கீச்சிட்டுத் திரும்பும். மஞ்சள் விளக்கொளியில், ஈரத் தரைக்குள், ஒவ்வொரு காருக்கும் கீழே தலைகீழாக இன்னொரு கார் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டில் எது அசல் என்று யாராவது கேட்டால் விசில் அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

அவருக்கு வேறு ஒரு பெயர் இருந்தது. அது மாதத்துக்கு ஒருமுறை சம்பளச் சீட்டில் தலையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடும். மற்றபடி எல்லா மாடிக்காரர்களுக்கும் அவர் விசில் அண்ணன்தான். அவரைவிட மூத்தவர்களும் அண்ணன் என்றே கூப்பிட்டார்கள். கீழ்த்தளத்தில் வெயில் படாததால் யாருக்கும் வயது ஏறுவதில்லை என்று அவரும் அதை ஒத்துக்கொண்டிருந்தார்.

ஊரில் பாதிக் கார்களை அவர்தான் பின்னால் எடுக்க வைத்திருப்பார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். மீதிப் பேர் நம்பிவிட்டு மறுநாளிலிருந்து பயந்து பயந்து பின்னால் வருவார்கள். ஆகவே அவர் சொன்னதில்லை. கனவில் மட்டும் ஓட்டுவார் என்று எழுதலாம், அதுவும் உண்மையில்லை. கனவிலும் அவர் பின்னால்தான் நின்றார். ஆளில்லாத கார்கள், பெரிய மீன்களைப் போல, வாலை ஆட்டிக்கொண்டு அவர் உள்ளங்கையைத் தேடி வரும். தொட்டும் தொடாமலும் நின்று, விளக்கை ஒருமுறை சிமிட்டும். அப்போது தூக்கத்தில், "போதும், போதும்" என்பார்.

"வாழ்க்கையில எனக்குப் போதும்னு சொல்ற ஒரே ஆம்பளை இவருதான். அதுவும் தூக்கத்துல," என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் பெருமையாகவோ புகாராகவோ சொல்லிவைத்திருந்தாள்.

அவர் நிற்கும் இடம் நான்காவது தூணுக்குப் பக்கத்தில். அந்தத் தூணில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று கட்டடத்துக்கு வந்துபோன கார்கள் எல்லாம் ஒரு கீற்று நிறத்தை விட்டுப் போயிருந்தன. பழைய டயரைக் கிழித்து அதன் இடுப்பில் அவர் சுற்றிக் கட்டிய பிறகு புதுக் கீற்றுகள் சேர்வது நின்றது. எதிர்ச் சுவரில் ஒரு பலகை: 'வாகனங்களுக்கு ஏற்படும் சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' அந்தப் பலகையின் ஆணியில்தான் அவர் தன் குடையை மாட்டுவார். பொறுப்பே இல்லாத ஒரு பலகை குடையையாவது தாங்கட்டுமே என்ற எண்ணம்.

முன்பெல்லாம் அவருடைய முறை வேறு. காருக்குப் பின்னால் நின்று பீ, பீ, பீ என்று சின்னச் சின்னதாக ஊதிக்கொண்டே இருப்பார். வரலாம் என்று அர்த்தம். ஊதுவதை நிறுத்தினால் காரும் நிற்க வேண்டும். மூன்றாம் மாடியில் வக்கீலம்மா அலுவலகம் போட்டதும் இந்த முறைக்குச் சனி பிடித்தது. அடித்தளத்துச் சத்தம், அவருடைய ஜன்னலுக்கு வெளியே வாய் திறந்திருந்த காற்றுக்குழாய் வழியாக ஏறி, நேராக அவருடைய மேஜைக்குப் பக்கத்தில் இறங்கியது.

"என் கட்சிக்காரர் கண்ணைத் துடைச்சிட்டு தன் கதையைச் சொல்றாரு சார். கீழேருந்து பீ பீன்னு கேக்குது. அவரு என்ன நினைப்பாரு?" என்று வக்கீலம்மா மேனேஜரிடம் கேட்டார்.

மேனேஜர் விசில் அண்ணனின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். வேலையை வாங்கித் தந்தவரும் அவரே. லிஃப்ட் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் 'சார்'. இந்தப் பக்கம், வீட்டுக்கு வந்துவிட்டால், 'மச்சான்'. சாராக இருந்தபோது அவர் உத்தரவு போட்டார்: ஊதுவதைக் குறைக்கவும்.

விசில் அண்ணன் குறைத்தார். அன்றிலிருந்து ஒரே ஒரு நீள விசில், அதுவும் நிற்பதற்கு மட்டும். ஊதாதவரை வரலாம், ஊதினால் நிற்க வேண்டும். கட்டடமே மெச்சிக்கொண்டது. சத்தம் இல்லையென்றால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நம்பும் கட்டடம் அது. குடும்பங்களிலும் இப்படித்தான் நம்புகிறார்கள். அங்கேயும் எங்காவது போய் இடிக்கத்தான் செய்கிறது.

விசில் அண்ணன் அவ்வளவு நன்றாக வேலை செய்ததில் ஒரு கெடுதல் விளைந்தது. வழக்கமாக வருகிறவர்கள் கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். திரும்பிப் பார்ப்பானேன், அவர்தான் இருக்கிறாரே. இரண்டாம் மாடிப் பல் டாக்டர் சாயங்காலம் சீட்டில் உட்கார்ந்ததும் ரிவர்ஸ் போடுவார். இரண்டு கையாலும் கூந்தலை முடிந்துகொண்டே காரை மெல்லப் பின்னால் நழுவ விடுவார். விசில் கேட்டதும் பிரேக்கை மிதிப்பார். முடிந்த கொண்டையோடு கிளம்பிவிடுவார். அவருடைய காரிலும் பின்னால் ஏதாவது இருந்தால் கத்துகிற கருவி இருந்தது. "அது மழைத்துளிக்கெல்லாம் கத்துதுண்ணே. நீங்க அப்படியா?" என்று சொல்லி அதை அணைத்துப்போட்டிருந்தார். நேர் எதிர் வரிசையில், டாக்டருடைய காரின் முதுகைப் பார்த்தபடி, வக்கீலம்மாவின் கார் நிற்கும்.

இப்படி இருக்கும்போதுதான் விசில் அண்ணனின் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது.

வலியை அவர் ஒரு வாரம் வெளியே சொல்லவில்லை. மனைவி கண்டுபிடித்தாள். "கனவுல போதும் போதும்னு சொல்லுவீங்க. இப்ப முழிச்சிருக்கும்போதே முனகுறீங்க. உங்க கட்டடத்துலதானே ஒரு டாக்டரம்மா இருக்காங்க? அவங்க காருக்கு நீங்க கை காட்றீங்க, உங்க வாய்க்கு அவங்க கை வைக்கட்டும்."

டாக்டர் வைத்தார். ஊசி போட்டதும் விசில் அண்ணனின் பாதி முகம் வேறு யாருடையதோ ஆகிவிட்டது. நாற்காலி பின்னால் சாய்ந்தபோது, தானே ஒரு கார்போல மெதுவாகப் பின்னோக்கிப் போவதாக அவருக்குத் தோன்றியது. எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்ல யாரும் இல்லை. மேலே வெள்ளை விளக்கு. அதற்குள் ஒரு முகமூடி. தூரத்தில் ஏதோ மளுக்கென்றது.

"முடிஞ்சிடுச்சுண்ணே. இன்னைக்குப் பூரா துப்பக் கூடாது, உறிஞ்சக் கூடாது, ஊதக் கூடாது. ரத்தம் உறைஞ்சு மூடினாத்தான் புண் ஆறும். ஊதினா அது பிடுங்கிட்டு வந்துரும், அப்புறம் அந்த வலியை நீங்க தாங்க மாட்டீங்க."

விசில் அண்ணன் கழுத்தில் தொங்கிய விசிலைத் தூக்கிக் காட்டினார்.

"அதைத்தான் சொல்றேன். வாயிலயே வைக்காதீங்க," என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே. ஊதக் கூடாது என்பதை அவர் அன்றைக்கு வேறு பலரிடமும் சொன்னார். அடிக்கடி சொல்லும் வாக்கியம் சொல்கிறவர் காதில் விழுவதில்லை.

மேனேஜரிடமும் போய் வாயைக் காட்டினார். "ஒரு நாள்தானே? கையைக் காட்டிச் சமாளிங்க," என்றார் மேனேஜர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று பகல் முழுவதும் மழை. வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு, பாதி முகத்தோடு, விசில் அண்ணன் கீழே நின்றார். அந்த நாள் அவருக்கு நீருக்கடியில் நடந்தது. கார்கள் சத்தமில்லாமல் வந்தன, அவர் கையை உயர்த்தினார், நின்றன. பார்த்தவர்கள் எல்லாரும் நின்றார்கள். கதவுகள் திறந்து மூடுவது மிக மெதுவாக நடப்பதுபோல இருந்தது. தரைக்குள் தலைகீழ்க் கார்கள் ஓடின. அவற்றுக்குப் பின்னால் ஒரு தலைகீழ் ஆள், வீங்கிய கன்னத்தோடு, கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அவன்மேல் விசில் அண்ணனுக்குக் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது.

சாயங்காலம் டாக்டர் வந்தார். சீட்டில் உட்கார்ந்தார். ரிவர்ஸ் விளக்கு எரிந்தது. இரண்டு கைகளும் கூந்தலுக்குப் போயின. கார் நழுவி வந்தது.

விசில் அண்ணன் கையை உயர்த்தினார். கார் வந்துகொண்டே இருந்தது. டாக்டர் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். விசில் அண்ணன் இரண்டு கையையும் உயர்த்தினார். வெள்ளை வெளிச்சத்தில் அவருடைய பத்து விரல்களும் நன்றாகத் தெரிந்தன, பார்க்க யாரும் இல்லாமல். விசில் உதடுவரை போய்விட்டது. அப்போது டாக்டரின் குரல் உள்ளே கேட்டது: வாயிலயே வைக்காதீங்க. சொன்ன பேச்சைக் கேட்கிறவர் விசில் அண்ணன். வைக்கவில்லை. "ம்ம்ம்" என்று கத்தினார்; பஞ்சுக்குள்ளேயே அது அடங்கிவிட்டது. கடைசி நொடியில் ஓரமாக விலகிக்கொண்டார்.

டமார் என்று எழுதுவது வழக்கம். அப்படிக் கேட்கவில்லை. அடுத்த அறையில் யாரோ ஒரு பெரிய பாத்திரத்தைக் கோபமில்லாமல் கீழே வைத்ததுபோல ஒரு சத்தம். பிறகு வக்கீலம்மாவின் காருடைய முன்விளக்குக் கண்ணாடி துண்டு துண்டாகத் தரையில் உதிர்ந்து, மழைத்தண்ணீரோடு சேர்ந்து மின்னியது.

ஆட்கள் கூடினார்கள். மேனேஜர் லிஃப்ட்டிலிருந்து ஓடிவந்தார். டாக்டர் காரைவிட்டு இறங்கினார். மேனேஜரைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்: "விசில் வரல சார். விசில் வரவே இல்ல." அவருடைய கணவர் வந்து அழைத்துப் போய்விட்டார். அந்த வாக்கியம் மட்டும் அங்கேயே நின்றது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பிறகு விசில் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்து விளக்கம் சொல்லக்கூடிய நிலைமையில் இல்லை.

இருட்டுவதற்கு முன்பே மேனேஜர் வீட்டுக்கு வந்துவிட்டார். மச்சானாக வந்தாலும் சட்டைப் பையில் சாராக ஒரு காகிதம் இருந்தது. விசில் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, மனைவி கொடுத்த ஐஸ்கிரீமை உறிஞ்சாமல் சாப்பிட முயன்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல மாப்ள. 'என் கவனக்குறைவால் நடந்தது'ன்னு ஒரு வரி. நாளைக்கு இன்சூரன்ஸ்காரங்க வர்றதுக்குள்ள கையெழுத்துப் போட்டுட்டா கட்டடத்துக்குத் தலைவலி இல்ல."

"போட்டா இவர் வேலை?" என்றாள் மனைவி.

"கொஞ்ச நாள் வீட்ல இருக்கட்டும். ஆறினதும் பாக்கலாம்."

"எது ஆறினதும்ணே? பல்லா, விஷயமா?"

"நீ ஏம்மா குறுக்க பேசுற? நான் என்ன வேத்தாளா?"

"வேத்தாளா இருந்தா காகிதத்தைத் தபால்ல அனுப்பியிருப்பான். வாசல்லேயே வாங்கிட்டு கதவைச் சாத்தியிருப்பேன்."

மேனேஜர் தங்கையிடம் தோற்றுப் பழகியவர். நாளைக்கு ஆபீஸில் பேசிக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டார். விசில் அண்ணன் ஐஸ்கிரீம் கிண்ணத்தைக் கீழே வைத்தார். வேலை போனால் என்ன செய்வது என்றுகூட அவர் யோசிக்கவில்லை. அந்த மஞ்சள் வெளிச்சம் இல்லாத ஒரு பகலில், வெறும் வெயிலில், தான் எங்கே நிற்பது என்றுதான் யோசித்தார். அன்றைய கனவில் கார்கள் வந்தன. உள்ளங்கையைத் தேடவில்லை. அவருக்குள் புகுந்து மறுபக்கம் போய்விட்டன.

மறுநாள் காலை மேனேஜர் அறையில் நான்கு பேர். மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜர். இந்தப் பக்கம், உடைந்த காருக்குச் சொந்தக்காரரான வக்கீலம்மா. மன்னிப்புக் கேட்க வந்த டாக்டர். கதவோரம் விசில் அண்ணன். காகிதம் மேஜைமேல் இருந்தது. அதன்மேல் மூடி கழற்றிய பேனா.

விசில் அண்ணன் போய்ப் பேனாவை எடுத்தார். உண்மையிலேயே கையெழுத்துப் போட்டிருப்பார். நில் என்று இவ்வளவு காலம் மற்றவர்களுக்குச் சொன்னவருக்குத் தனக்கே சொல்லிக்கொள்ளத் தெரியவில்லை.

"ஒரு நிமிஷம்ணே," என்றார் டாக்டர். பழக்கம் அவரைவிட வேகமாக எழுந்து வந்துவிட்டது. "கன்னம் இன்னும் வீங்கியிருக்கே. வாயைத் திறங்க."

விசில் அண்ணன் பேனாவோடு வாயைத் திறந்தார். டாக்டர் செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அருமை. அப்படியே உறைஞ்சு மூடியிருக்கு. நிறையப் பேர் கேக்க மாட்டாங்க. நீங்க ஊதவே இல்ல போல."

"இல்ல டாக்டர். நீங்கதானே ஊதக் கூடாதுன்னு சொன்னீங்க."

செல்போன் விளக்கு அணையவில்லை. ஆனால் டாக்டரின் முகத்தில் எரிந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று அணைந்தது. அவர் விளக்கை விசில் அண்ணனின் வாயிலிருந்து எடுத்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், மேனேஜரின் மூக்குமேல் அடித்துக்கொண்டு நின்றார்.

முதலில் சிரித்தது வக்கீலம்மா. கார் உடைந்தவர் சிரித்தால் மற்றவர்களுக்குச் சிரிக்க அனுமதி உண்டு. ஆனால் யாரும் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

"அண்ணே, அந்தப் பேனாவைக் கீழே வைங்க. நான் எனக்கே துரோகம் பண்றேன், பரவாயில்ல," என்றார். "மேனேஜர் சார், அதுல அவர் கையெழுத்துப் போட்டா எனக்குத்தான் லாபம். 'எங்க ஆளு வேலை நேரத்துல கவனக்குறைவா இருந்தார்'னு நீங்களே எழுதித் தர்றீங்க. உங்க ஆளு உங்க வேலையில செய்யற தப்பு பொதுவா உங்க தலையிலதான் வந்து விடியும். நான் நேரா கட்டடத்து மேலயே கேஸ் போடலாம்."

"கீழ பலகை வெச்சிருக்கோமே மேடம், பொறுப்பல்லன்னு?"

"பலகை வெச்சா பொறுப்பு போயிடும்னா, நானும் என் கார் பின்னால 'இடிச்சா நான் பொறுப்பல்ல'ன்னு ஒட்டிக்கிட்டு ஊரெல்லாம் இடிச்சிட்டு வருவேனே."

மேனேஜர் காகிதத்தை எடுத்து மடித்தார். மறுபடி மடித்தார். இனி மடிக்க முடியாது என்று காகிதமே சொல்லும்வரை மடித்தார்.

"அப்ப தப்பு என்னோடதுதான்," என்றார் டாக்டர்.

"பெரும்பங்கு. பின்னால எடுக்கறவங்கதான் பார்க்கணும், காது போதாது. என் கார் கோட்டுக்குள்ள சும்மா நின்னுது, அதுக்கு ஒரு பங்கும் இல்ல. உங்க இன்சூரன்ஸ் பாத்துக்கும். ஆனா மிச்சம் கொஞ்சம் இருக்கு, அதை எங்க வைக்கிறதுன்னுதான் யோசிக்கிறேன்." வக்கீலம்மா நீதிமன்றத்துக் குரலுக்கு வந்துவிட்டார். "சத்தம் வரலைன்னா வரலாம்னு ஒரு ஏற்பாடு. ஊதறவருக்கு மயக்கம் வந்தாலும் வரலாம், பல் புடுங்கினாலும் வரலாம். இப்படி ஒரு முறையை யாரு கொண்டுவந்தது?"

மேனேஜர் கூரையைப் பார்த்தார். விசில் அண்ணன், வலிக்காமல் பேச வேண்டுமே என்று, மிக மென்மையாகச் சொன்னார்: "முன்னாடி வேற மாதிரிதாம்மா ஊதுவேன். உங்களுக்குத்தான் சத்தம் ஜாஸ்தியா இருக்குன்னு..."

வக்கீலம்மா தன் கைப்பையைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினார்.

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?" என்றார் மேனேஜர் எரிச்சலோடு. "இவரு ஊதினாத்தான் வண்டி நகரணும்னு வெச்சா, ஒருத்தரும் ராத்திரிக்குள்ள வீடு போய்ச் சேர மாட்டாங்க."

"அதையே வெச்சிடுங்க சார்," என்றார் வக்கீலம்மா. "திரும்பிப் பார்க்கறது கட்டாயம்னும் ஒரு பலகை போடுங்க. இந்தப் பலகைக்காவது ஏதாவது பலன் இருக்கும். என் ஜன்னலை நான் சாத்திக்கிறேன்."

"அப்ப நான்?" என்றார் விசில் அண்ணன்.

மேனேஜர் அவரைப் பார்த்தார். ஒரு கணம் சாரும் மச்சானும் அந்த முகத்தில் இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு செய்தார்கள். "நீங்க கீழ போங்க மாப்ள," என்றார். "வண்டி வர்ற நேரம் ஆச்சு." லிஃப்ட் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மாப்ள என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

புண் ஆறியது. பழைய பீ, பீ, பீ திரும்பி வந்தது. புதுப் பலகையும் வந்தது. அதன் ஆணி குடை மாட்டுவதற்கு வசதியாக இல்லை என்பதால் விசில் அண்ணன் பழைய ஆணியையே வைத்துக்கொண்டார்.

மழை மட்டும் விடவில்லை. ஒரு சாயங்காலம் டாக்டர் காரை எடுத்தார். கொண்டையை முன்பே முடிந்துகொண்டு வந்திருந்தார். பீ, பீ, பீ. கார் நழுவி வந்தது. விசில் அண்ணனின் பார்வை தற்செயலாகத் தரைக்குப் போனது. ஈரத்துக்குள் தலைகீழ்க் கார் ஒன்று அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது, இரண்டு விளக்குகளோடு, ஒரு சத்தமும் இல்லாமல், கனவிலிருந்து வழி தவறி வந்ததுபோல. அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். விசில் உதட்டில் இருந்தது. மூச்சு அதில் போகவில்லை.

கார் நின்றது. அதற்குப் பின்னால் கிளம்ப இருந்த காரும் நின்றது. சரிவில் ஏறப்போன இன்னொன்றும் நின்றது. யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. அடித்தளம் முழுக்கச் சிவப்பு விளக்குகள் எரிய, கூரைகளிலிருந்து மழை மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் கனவு காணும்போது பத்துக் கார்கள் பொறுமையாகக் காத்திருப்பது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. ஆனால் அங்கே அது நடந்தது, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லாமல்.

டாக்டர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கழுத்தைத் திருப்பி, பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார். நீர்வழிந்த கண்ணாடிக்கு அப்பால் நரைத்த மீசையோடு ஒருவர், தூக்கிய கையை இறக்க மறந்து, தரையைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டு நின்றிருந்தார். இவ்வளவு காலம் தன்னை வீட்டுக்கு அனுப்பிவைத்த அந்தக் கையை டாக்டர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"அண்ணே," என்று கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டார். "வரலாமா?"

விசில் அண்ணன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். மூச்சை இழுத்தார். பீ, பீ, பீ. கார்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. காற்றுக்குழாய் வழியாக, மேலே எங்கோ, ஒரு ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது.